பழைய வண்டியும் மாற்று எஞ்சினும்
(சித்தூரில், சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எம் அம்பாசிடரில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். எரிபொருட் செலவு தாளாது, வீட்டுக் கொட்டகையிலேயே டீசல் எஞ்சினை ஏற்றினோம். எடை மிகுந்து முன்புறம் தாழ்ந்தது, ஸ்டியரிங் கனத்தது, கண்ணாடிகள் கலகலத்தன. (என் துணைவியார் அதனை மாவு மில் என்றே அழைப்பார்!)

1974-இல் திறக்கப்பெற்ற இரண்டாம் மலைப்பாதையில் திருமலைக்கு நிதானமாக ஏறிற்று. 1944-ஆம் ஆண்டுப் பாதையில் இறங்குகையிலோ, இடையறாது மிதித்ததால் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடி தளர்ந்தன. பின்னிருக்கையில் பேரக்குழந்தைகள்! இரண்டாம் கியருக்கு மாற்றித் தப்பினோம். எஞ்சினை மாற்றிய நாங்கள் பிரேக்கை எண்ணிப் பார்த்தோமில்லை.

பின்னர் லைனிங் புதுக்கினோம், ஆர்.சி.யிலும் எஞ்சின் எண்ணைத் திருத்திப் பதிந்தோம். உத்தரபாராவில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. கழற்றிய பெட்ரோல் எஞ்சின் இன்னும் எம் திண்ணையில், சாக்குப் போர்த்தி இருக்கிறது.