இரைச்சலும் செவித்திறனும்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு அத்தகைய மூடி இல்லை. உறக்கத்திலும் அது திறந்தே இருக்கிறது. ஆகவே, இரைச்சலிலிருந்து செவியைக் காக்கும் பொறுப்பு மனிதனின் அறிவையும் சமுதாயத்தின் சட்டத்தையும் சார்ந்ததாகிறது.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருள் குழல் ஒன்று அமைந்துள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர் உயிரணுக்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. மிகுந்த இரைச்சலில் சிதைந்துபோன உயிரணுக்கள் மனிதரிடத்தில் மீண்டும் வளர்வதில்லை. காதுக் கருவி ஒலியைப் பெருக்கித் தருமேயன்றி, இழந்த தெளிவை முழுமையாக மீட்டுத் தராது.

இக்கேடு வலியின்றி மெல்ல வருவது. முதலில் மங்குபவை 4,000 ஹெர்ட்சு அளவிலான உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் நன்கு கேட்கும். சகரம் போன்றவை நழுவிவிடும். ‘சிலை’ என்பது ‘இலை’ எனச் செவியில் விழும். பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்று ஒருவர் கூறும்போது இழப்பு நிகழ்ந்து முடிந்திருக்கும்.

இரைச்சலின் அளவும் அதில் கழியும் நேரமும் சேர்ந்தே தீங்கை முடிவு செய்கின்றன. பல நாடுகளில் கொள்ளப்படும் வரம்பு, நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. எனவே 88 டெசிபலில் 4 மணி நேரமும் 100 டெசிபலில் 15 நிமிடமுமே தாங்கத்தக்கவை. செவிக்குள் பொருத்தும் கருவிகளில் இசை கேட்கும் மாணவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரத்தைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபலில் இவ்வரம்பு 4 மணி நேரமே.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுத்தன. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கவும் வழிசெய்தன. இரைச்சல் எழுப்புவது எவருக்கும் அடிப்படை உரிமையாகாது என உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. தேவையின்றி ஒலிப்பான் அடிப்போருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியுள்ளது. இவ்விதிகள் ஒரு பகுதியின் ஒலியை அளக்கின்றன. ஒருவரது செவியில் நாள் முழுதும் விழும் ஒலியை அளப்பதில்லை. திருவனந்தபுரத்தின் தம்பானூரில் புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. அத்தகைய சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் தொழிற்சாலைத் தொழிலாளி அல்லர். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பும் அதனைத் தொடர்கிறது. பட்டறைக்குள் இருப்பவருக்குக் கிட்டிய இக்கவனம் தெருவில் நிற்பவருக்கும் கிட்ட வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பணியில் சேரும்போதே செவித்திறன் சோதனை, பின்னர் ஆண்டுதோறும் மறுசோதனை, சந்திப்புகளில் பணிமுறை மாற்றம், காதடைப்பான் வழங்கல் ஆகியவை போதும். இந்நகரின் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கப்பெற்ற தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறை வல்லுநர்களைப் பயிற்றுவித்து வருகிறது. அறிவும் ஆளும் அருகிலேயே உள்ளன. துறை அலுவலர்கள் முனைந்தால், காவலரின் செவி ஓய்வுபெறும் நாளிலும் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்கும் நிலையில் இருக்கும்.