சேர்க்கை எளிதாகும்போது செலவு யாருடையது?

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மழலையர் கல்வி பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். அதன் மேன்மையைப் பேச இம்மேடையில் நம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். மூன்று வயதுக் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது எளிதாக வேண்டும் என்கிறோமே, அந்த எளிமைக்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதே நம் பொருள்.

1894ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில் நம் முன்னோர்க்கு இருந்த தடை, சாத்திய கதவு. இன்று கதவு திறந்திருக்கிறது. வாசற்படியில் காகிதம் கிடக்கிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். ஒவ்வோர் அலுவலகத்திற்கும் ஒருநாள் கூலி.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நடவு வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் பள்ளிக்கு வந்தார். பிறப்புச் சான்று இருந்தது. அதில் குழந்தையின் பெயர் இல்லை. மருத்துவமனையில் பிறந்த உடனே பதிவு செய்த சான்றுகள் பல இவ்வாறே பெயரின்றி இருக்கும். பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். இதை அந்த அம்மையாருக்கு யாரும் சொல்லவில்லை. "பெயரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்று நாமும் விதி பேசி அனுப்பிவிட்டோம். அவர் மீண்டும் வந்தது அடுத்த ஆண்டில். அக்குழந்தையின் ஓராண்டு நம் கையால் போயிற்று. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. ஆதார் எண்ணைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கலாகாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மழலை வகுப்பு அச்சட்டத்தின் ஆறு வயது எல்லைக்குள் வராது என்று வாதிடுவோர் உண்டு. வாதம் சரியாக இருக்கலாம். குழந்தை வெளியில் நின்றதும் உண்மை.

அதன்பின் வழியை மாற்றினோம். சங்க இளைஞர்கள் துணையுடன் ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் காலனித் தெருவிலேயே மேசையிட்டு அமர்ந்தோம். காகிதம் கேட்கவில்லை. பெயர், தோராயமான வயது, வீட்டு அடையாளம், அவ்வளவே. தாய்மார்கள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்கள். அன்று மாலை நமக்கிருந்த பெருமிதத்தை மறைக்கப் போவதில்லை.

ஜூன் மாதம் பிறந்ததும் கணக்கு வந்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன, நம் பள்ளியும் அவற்றுள் ஒன்று. அங்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், ஒரே அறை. நாம் தாயிடம் கேட்காமல் விட்ட ஒவ்வொரு விவரத்தையும் அப்பணியாளர் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. எடை, உயரம், சத்துமாவு, முட்டை ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பதிவேடு; 2021 முதல் 'போஷன் டிராக்கர்' என்னும் கைப்பேசிச் செயலி; பள்ளியின் பங்குக்கு எமிஸ் பதிவு. அவர் மாலையில் வீடு வீடாகச் சென்று சான்றுகளைக் கைப்பேசியில் படம் பிடித்தார். தாயின் மூன்று நாள் கூலியை மிச்சப்படுத்தினோம் என்றோமே, அந்த மூன்று நாளும் மறைந்துவிடவில்லை. ஆசிரியருக்குரிய ஊதியம் பெறாத மற்றொரு பெண்ணின் மாலைப் பொழுதுகளில் போய் உட்கார்ந்துகொண்டன. அவரும் நம் தெருப் பெண்தான்.

2022 ஜூன் மாதம் அவ்வகுப்புகளைக் கைவிடப் போவதாக அறிவிப்பு வந்ததும், எதிர்ப்பு எழுந்தபின் அவை தொடரும் என்று அரசு கூறியதும், மாதம் 5,000 ரூபாய் மதிப்பில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த முற்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. சேர்க்கை எளிதாயிற்று, கற்பிப்பவரின் விலை மலிவாயிற்று.

மற்றொரு பக்கமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினர்க்குரியவை. கட்டணத்தை அரசு ஈடு செய்கிறது. இணையவழி விண்ணப்பத்தால் பெற்றோர்க்கு அது எளிதாயிற்று என்பதை மறுக்க மாட்டோம். நம் பிள்ளைகள் அவ்விடங்களில் அமர்வதில் நமக்கு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் எல்.கே.ஜி. வகுப்புக்காகப் பொதுப்பணம் வெளியே செல்லும்போது நம் வளாகத்து அறைக்கு ஓடு மாற்றப் பணமில்லை என்பது எவ்வாறு நியாயமாகும்? அந்த வாசலும் நிலையானதன்று. 2025ஆம் ஆண்டில் மத்திய நிதி வராததால் கோடையில் தொடங்க வேண்டிய அச்சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப் போயிற்று.

காகிதம் கேளாது சேர்த்தால் ஒரே குழந்தையின் பெயர் அங்கன்வாடியிலும் தனியார் மழலைப் பள்ளியிலும் இருக்கும், முட்டைக் கணக்கு தவறும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அது பொய்யன்று, நம் பதிவேட்டிலேயே கண்டிருக்கிறோம். தணிக்கைக் குறிப்புக்கு விடையெழுதியவர்களும் நாமே. எனினும் இரட்டைப் பதிவால் வீணாகும் முட்டைகளையும், பெயரில்லாச் சான்றால் வீணான ஓராண்டையும் ஒரே தராசில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. அந்த நட்டத்தைக் கணக்கில் வெளிப்படையாக எழுதி அரசே ஏற்கட்டும். திருத்துவதற்கு ஓர் எழுத்தரை அனுப்பட்டும். தாயை அனுப்ப வேண்டா.

இங்கே உரிமையையும் நினைவூட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை அளித்து அங்கன்வாடி அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் உள்ள குடியிருப்பு கோரினால் மூன்று மாதத்திற்குள் மையம் வேண்டும் என்று 2006 டிசம்பரில் கூறிற்று. மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம் குழந்தை அங்கே எப்படி அமரவைக்கப்படுகிறது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, 'சேர்க்கையை எளிதாக்குக' என்று மட்டும் மனு எழுதாதீர். எளிதாக்கினால் கூடும் குழந்தைகளுக்கு இரண்டாவது பணியாளர், மற்றோர் அறை, கழிப்பறை, பதிவு வேலைக்குத் தனி ஊதியம் ஆகியவற்றையும் அதே மனுவில் எழுதுங்கள்.

வரும் ஏப்ரல் முதல் ஞாயிறு மேசை போடுகிறோம். எந்தச் சான்றும் கொண்டுவர வேண்டா. குழந்தையை மட்டும் கொண்டுவாருங்கள். பெயர் சேர்க்கும் விண்ணப்பங்களை எழுதிப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து வர, கையெழுத்து நன்றாயிருக்கும் இளைஞர் இருவரைச் சங்கம் நமக்குத் தர வேண்டும். சென்ற முறை வந்த தம்பி ஒருவரின் எழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. அவ்விருவர்க்கும் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் சங்க நிதியிலிருந்து அளிக்கப்பட வேண்டும் என்று பொருளாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.