மூக்கை ஏமாற்றிய சோதனை

தலைவலி வந்தால் நம் வீடுகளில் கை முதலில் துழாவுவது தைலப் புட்டியைத்தான். விரலில் தொட்டு நெற்றிப்பொட்டில் தேய்த்ததும் ஜில்லென்று ஏறும். கண்ணில் நீர் முட்டும். அப்பாடா என்றிருக்கும். அந்தச் சுகம் எண்ணெயால் வந்ததா, வாசனை தந்த நம்பிக்கையால் வந்ததா?

மாத்திரை என்றால் சோதிப்பது சுலபம். நிஜ மாத்திரை சிலருக்கு, அதே நிறத்தில் மருந்தில்லா மாத்திரை சிலருக்கு. எது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. தைலத்தில் இது செல்லுமா? மூடியைத் திறந்தாலே மூக்கு காட்டிக் கொடுத்துவிடுமே!

ஜெர்மனியில் ஹார்ட்முட் கோபெல் என்ற மருத்துவரின் குழு இதற்கு வழி கண்டது. ஆய்வு வெளியானது 1996-இல். தலையைப் பட்டை போட்டு இறுக்குவது போன்ற தலைவலி உடைய 41 பேர். அவர்களுக்கு வந்த 164 தலைவலிகள். எரிசாராயத்தில் 10 சதவீதம் பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்து நெற்றியிலும் பொட்டிலும் பூசினார்கள். 15 நிமிடம் கழித்து ஒரு முறை, 30 நிமிடத்தில் இன்னொரு முறை. ஒப்பிடுவதற்கு வைத்த போலிக் கரைசலிலும் வாசனைக்கென்று அதே எண்ணெயைத் துளியளவு சேர்த்தார்கள். அந்தத் துளிதான் இந்த ஆய்வின் உயிர் என்பேன். போலிக் கரைசலைவிட நிஜ எண்ணெய் 15 நிமிடத்திலேயே வலியைக் குறைத்தது; 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு அது சளைக்கவில்லை.

காரணம் அந்த எண்ணெயில் உள்ள மென்தால், நாட்டு மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் புதினா உப்பு. தோலின் நரம்பு நுனியில் குளிரை உணரும் புரதம் ஒன்று உண்டு. மென்தால் பட்டால் அது குளிர் பட்டதாகவே மூளைக்குச் சேதி அனுப்பும். 2002-இல் இதைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இன்று எத்தனையோ எண்ணெய்களை எலிகளிடம் சோதிக்கிறார்கள். சூடான தட்டில் விட்டால் எலி எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று கணக்கிடுவார்கள்; தாமதமானால் வலி குறைந்ததாகக் கொள்வார்கள். ஆனால் எண்ணெயால் எலி அசதியில் கிடந்தாலும் நக்கத் தாமதமாகும். அதை வைத்து மட்டும் வலி போனதாகச் சொல்ல முடியாது. ‘ஆய்வில் நிரூபணமானது’ என்று புட்டியில் அச்சிட்டிருந்தால், எலியிடமா மனிதரிடமா என்று கேளுங்கள்.

கைக்குழந்தையின் மூக்கருகே எந்தத் தைலத்தையும் தடவாதீர்கள். மென்தாலால் மூச்சு முட்டலாம். நீலகிரித் தைலமோ கற்பூரத் தைலமோ குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம். புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.