கமராவும் கட்டளைப் பட்டியலும்

படம் பிடிப்பவனுக்கு வேண்டுவன மூன்றே: ஒளி புகும் துவாரத்தின் அளவு, அது திறந்திருக்கும் நேரம், காட்சி தெளிவாக விழும் தூரம். 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கமராவில் இம்மூன்றையும் விரலாலேயே திருப்பி அமைக்கலாம்; கண்ணால் பார்க்கவும் வேண்டியதில்லை. மின்கலம் என்ற பேச்சே அதில் கிடையாது.

இன்று என்னிடமுள்ள கருவியின் பெயரைக் கூறேன். அதன் முதுகில் ஒரு திரை. திரைக்குள் ஒரு பட்டியல். பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல். கையேடோ கந்தபுராணத்தோடு போட்டியிடும்! அண்மையில் ஒரு திருமண வீட்டிலே கெட்டிமேளம் முழங்கிற்று. மணமகன் தாலியைக் கையிலெடுத்தான். கருவி கண்ணை மூடிக்கொண்டது. விரைந்து மின்கலத்தை மாற்றினேன். விழித்தெழுந்த கருவி, இன்றைய திகதி யாதென என்னை வினவிற்று! நான் விடை பகருமுன் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டன. மணமகனை மறுபடியும் கட்டச் சொல்லலாமா?

எளிய கருவியைச் செய்ய இயலாதென்பதில்லை. 2016இல் லைக்கா நிறுவனத்தாரே திரையில்லாத எண்முறைக் கமரா ஒன்றை வெளியிட்டனர். அதன் விலைக்குத் திரையுள்ள கமராக்கள் சிலவற்றை வாங்கிவிடலாம். "இல்லாத ஒன்றுக்கு இத்தனை விலையா?" என்றார் என் மனைவியார். ஆதலால், இன்றும் நான்கு மின்கலங்களைச் சட்டைப்பையிற் சுமந்துகொண்டே திருமணங்களுக்குச் செல்கிறேன்.