கணக்கிலிருந்து தொடங்குவோம்



என்னினும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, இந்தக் கருத்தரங்க மேடையில் எனக்கு இருக்கை தரப்பட்டிருக்கிறது. பெருமையும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு டிஜிட்டல் தொழில்முனைவு கற்பிப்பது நம் கருத்தரங்கின் பொருள். 2016-இல் வந்த யுபிஐ பணப் பரிமாற்றம், 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் வளர்ப்புத் திட்டம் ஆகியவை கொண்டுவந்த மாற்றங்களை நீங்கள் அறிவீர்கள். இணையக் கடை, விளம்பரம், வாடிக்கையாளர் தரவு பற்றியெல்லாம் அடுத்த அமர்வுகள் பேசும். நான் ஒரு பழைய அறிக்கையைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

குஜராத்தின் கேடா மாவட்டம், மாத்தர் தாலுகா. குஜராத் வித்யாபீட மாணவர்களோடு அங்குள்ள கிராமங்களுக்குப் போய், குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டினார் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. 1931-இல் அந்த ஆய்வு நூலானது. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காளராகப் பயின்று, கொலம்பியாவில் பொது நிதி படித்தவர் அவர். கடைசிக் காலத்தில் வாழ்ந்தது, நம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில். இருந்தும் தொழில்முனைவுப் பாடநூல்களின் துணைநூல் பட்டியலில் அவர் பெயரை நான் தேடித் தேடி ஓய்ந்திருக்கிறேன்.

குமரப்பா எந்திரத்தை ஐயுற்றவர், மின்வணிகப் பாடத்தில் அவருக்கு என்ன வேலை என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பு வாதிட்டார். மாத்தர் ஆய்வு நிலவரிச் சுமையை நிறுவ எழுந்தது, வணிகத்துக்காக அன்று என்றும் சொன்னார். இரண்டாவது செய்தி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது அவருடைய முடிவுகளை அல்ல, முறையை. யோசனை சொல்லும் முன் அந்த வீட்டின் கணக்கை எழுது என்பதே அம்முறை. எந்திரத்தை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் அது பொதுவானது.

இந்த ஊரிலேயே பொருத்திப் பார்ப்போம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடனே நம் மாணவர்கள் பட்டறைக்குப் போய்ப் படமெடுத்து, இணையப் பக்கம் தொடங்கி, மதிப்பெண் வாங்குகிறார்கள். குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்தவருக்கே என்பதை எத்தனை பேர் பட்டறைக்காரரிடம் விளக்கினார்கள்? வரியையும் பாருங்கள்: ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு விற்பனையாளரும் இணையத் தளம் வழியாக மாநிலத்துக்குள் பொருள் விற்கலாம் என்ற சலுகை, 2023 அக்டோபர் 1 முதல், நிபந்தனைகளோடு நடப்பில் உள்ளது. அதே பூட்டைத் தளம் வழியாகப் பெங்களூருக்கு விற்க வேண்டுமானால் பொதுவாகப் பதிவு கட்டாயம். பதிவு வேண்டுமா என்பது, வாடிக்கையாளரைத் தேடும் முன்பே எழ வேண்டிய கேள்வி.

அடுத்தது காசு. ஒரு பூட்டு 500 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி, கூரியர், விளம்பரச் செலவு, திரும்பி வரும் சரக்கின் நட்டம் எல்லாம் கழிந்தபின், பித்தளைக்கும் இரும்புக்கும் கைக்கூலிக்கும் மிஞ்சுவது எவ்வளவு? விற்பனை கூடி, பட்டறையின் கையிருப்பு குறைந்தால் அதைத் தொழில்முனைவு என்று நாம் சான்றளிக்கலாமா? 'கணக்கு வணிகவியல் துறையின் வேலை, நம்முடையது புதுமை' என்று ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் எனக்குப் பதில் சொன்னார்கள். அன்று மௌனமாக இருந்தேன். இன்று மறுக்கிறேன்: கணக்கறியாத புதுமையின் நட்டத்தை ஏற்பவர் மாணவர் அல்லர், பட்டறைக்காரர்.

இதற்கான வழி நம் அருகிலேயே இருக்கிறது. 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் மரபு உண்டு. அந்த மரபோடு மாத்தர் ஆய்வின் கணக்கேட்டையும் சேர்ப்போம். சின்னாளப்பட்டிச் சுங்குடி வீடு, நிலக்கோட்டைப் பூந்தோட்டம், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி, நகரத்துப் பூட்டுப் பட்டறை: இவற்றுள் ஒன்றில் ஒரு பருவம் முழுதும் மாணவர் வரவு செலவுச் சிட்டை எழுதட்டும். பருவ முடிவில், இணையத்தில் விற்றால் இவருக்கு லாபமா என்று அந்தச் சிட்டையைக் கொண்டு சொல்லட்டும். 'வேண்டாம்' என்ற முடிவுக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.

கருத்தரங்கின் நிறைவில் இதைத் தீர்மானமாக முன்மொழிவேன். எதிர்ப்பவர்கள் அமர்வுகளில் என்னோடு வாதிடுங்கள். வாதிட வரும்போது உங்கள் மாணவர் ஒருவர் எழுதிய ஒரு பட்டறையின் ஒரு மாத வரவு செலவையும் கொண்டுவாருங்கள்.