சேர்மானத்தை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. வாசனையோ நிறமோ வேறு சரக்கோ சேர்த்துச் சாராயம் தயாரிக்கும் கம்பெனி, என்ன சேர்க்கிறது, எவ்வளவு சேர்க்கிறது, எப்படித் தயாரிக்கிறது என்று எழுதிக் கொடுத்து முன்கூட்டியே சர்க்காரின் அனுமதி பெற வேண்டும். பிறகு சேர்மானத்தை மாற்றினால் மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும். நிதி இலாகாவின் கீழ், மது-புகையிலை வரியைக் கவனிக்கும் அமைப்பு இதைப் பரிசீலிக்கிறது.

"இதென்ன வீண் காகிதத் தொல்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் 1930-ம் ஆண்டில் கிடைக்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை அந்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது. முன்பே வாங்கி நிலவறையில் அடுக்கி வைத்திருந்த பணக்காரன் தன் வீட்டிலேயே குடித்தான்; சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஏழைக்கு என்ன கிடைத்தது? மருந்துக் கடையில் 'ஜமைக்கா இஞ்சி' என்று ஒரு சின்னப் புட்டி. வயிற்று நோவுக்கு மருந்து என்று பெயர். உள்ளே எழுபது, எண்பது சதவிகிதம் சாராயம். ஜனங்கள் அதை 'ஜேக்' என்று அழைத்தார்கள்.

இதைச் சர்க்காரும் அறியும். ஆகவே, குடிக்க முடியாதபடி கசக்கும் அளவுக்கு இஞ்சிச் சத்து அதில் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. சோதனை அதிகாரி மருந்தைக் காய்ச்சி, சாராயம் ஆவியான பின் மிஞ்சும் வண்டலை நிறுத்துப் பார்ப்பார். எடை சரியாக இருந்தால் மருந்தும் சரி!

வியாபாரிகளுக்கு இது போதாதா? இஞ்சியைக் குறைத்தார்கள். எடைக்கு ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைச் சேர்த்தார்கள். ஆமணக்கெண்ணெயின் விலை ஏறியதும், பாஸ்டன் நகரில் ஹாரி கிராஸ், மாக்ஸ் ரீஸ்மன் என்ற இருவர் அதைவிட மலிவான சரக்கைத் தேடினார்கள். கிடைத்தது, மெருகுப் பூச்சுகளை இளக்கமாக வைக்க உதவும் ஓர் எண்ணெய். ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் என்று அதற்குப் பெயர். மணமில்லை, ருசியில்லை, காய்ச்சினாலும் ஆவியாகாது. தராசு ஏமாந்தது.

1930 பிப்ரவரியில் ஓக்லஹோமா நகரில் ஆட்கள் டாக்டரிடம் வரத் தொடங்கினார்கள். முதலில் கெண்டைக்காலில் வலி. பிறகு பாதம் தொங்கிப் போகும். சிலருக்கு மணிக்கட்டும் விழுந்துவிடும். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் தட்டித் தட்டி நடந்தார்கள். 'ஜேக் கால்' என்று ஊர் பெயர் வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் 30,000-க்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள்; கையையும் காலையும் நம்பிக் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். பலருக்குக் கால் திரும்பவே இல்லை.

அதே ஆண்டில் பொதுச் சுகாதார இலாகாவின் விஞ்ஞானிகள் விஷம் எது என்று கண்டுபிடித்தார்கள். வியாபாரிகளுக்கு என்ன தண்டனை? ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். இரண்டு வருடச் சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த எண்ணெய் விஷமல்ல என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால், "புதிதாக ஒன்றைச் சேர்க்கிறாயே, கெடுதி இல்லை என்று முதலில் காட்டு" என்று கேட்க அன்று சட்டம் இல்லை. 1937-ல் இன்னொரு மருந்தில் சேர்த்த விஷத் திரவத்தால் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகே, 1938-ல், புது மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் பிறந்தது.

தோழர்களே! கூலி நெல்லில் பதரைக் கலந்து மரக்காலைத் தலைதட்டி அளந்து கொடுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? அளவு சரிதான், உலையில் போட அரிசி எங்கே? நூல் சிப்பத்தில் ஈரத்தை ஏற்றி எடை காட்டுவது என்ன என்று மில் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ்டனில் நடந்ததும் இதே வித்தைதான். அங்கே பதருக்குப் பதில் விஷம்.

ஆகவே அனுமதிக் காகிதத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஓர் ஏழை தன் காலை விலையாகக் கொடுத்திருக்கிறான். அதே சமயம், காகிதம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஜேக் புட்டியும் சோதனையில் தேறிய சரக்குதான். எடை எவ்வளவு என்று மட்டும் கேட்கிற சோதனை, எடை எதனால் வந்தது என்று கேட்காது.

மருந்தானாலும், எண்ணெயானாலும், நாம் உண்ணும் எந்தப் பண்டமானாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: உள்ளே என்ன இருக்கிறது? நேற்று இருந்ததில் எதை மாற்றினாய்? மாற்றுமுன் யார் சோதித்தார்கள்? பதில் கிடைக்கும்வரை கேட்போம்.