பொருளின் பிறப்பும் முடிவும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவும் தொழிலும் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இலக்கணம் பயிற்றுவிக்கும் எமக்கு ஆலையிலும் சாலையிலும் என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். வினைச்சொல்லானது செய்தவனை மட்டுமன்றி, அவ்வினை நிகழ்ந்த நிலத்தையும் காலத்தையும் கருவியையும் உணர்த்தும் என்பது நன்னூலார் துணிபு. ஒரு பொருளையும் அவ்வாறே நோக்கல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது. கடையில் நாம் கேட்கும் விலை, பொருளின் நடுப்பருவத்தை மட்டும் காட்டும். அஃது எவ்வளவு நீருண்டு பிறந்தது, பயன்பட்டபின் எங்கே சென்று வீழ்ந்தது என்பவற்றைக் காட்டாது. பிறப்பு முதல் முடிவு வரை எண்ணும் இம்முறையை அறிஞர் வாழ்க்கைச் சுழற்சி நோக்கு என்பர். இதற்கென 14040 என்னும் எண்ணுடைய உலகத் தர நெறி 1997-இல் வெளிவந்தது. ஒன்றன் முடிவை மற்றொன்றன் முதலாக்கி, பொருளைச் சுழலச் செய்வது சுழற்சிப் பொருளாதாரம் எனப்படும்.

இப்பெயர்கள் புதியன, செயல் நமக்குப் புதிதன்று. கேழ்வரகு மனிதர்க்கு, தாள் மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு என்று வகுத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். கேழ்வரகில் கண்ட இக்கணக்கை நாம் பணப்பயிரில் மறந்தோம்.

முதலில் பட்டுக்கூட்டைக் காண்போம். தருமபுரி அங்காடிக்கு வரும் பச்சைக்கூட்டின் எடையில், நூல் தரும் ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய நான்கு பங்கும் உள்ளே கிடக்கும் கூட்டுப்புழு. நூல் எடுத்தபின் அப்புழுவை உலர்த்தினால், அதில் ஏறத்தாழப் பாதி புரதம்; நாலில் ஒரு பங்குக்குக் குறையாது எண்ணெய். கோழிக்கும் மீனுக்கும் அது தீனி. எண்ணெய் சவர்க்காரத்துக்கு ஆகும். நம்மவர் கூட்டை இராமநகரம் முதலிய அயல் அங்காடிகளுக்கு ஏற்றி அனுப்பும்போது, நூலோடு இந்நான்கு பங்கும் மாவட்டத்தை விட்டு நீங்குகின்றன. பின்னர் அதே வண்டித்தடத்தில் கோழித்தீனியை விலைகொடுத்து வாங்கி வருகின்றோம். இஃது அறிவுடையார் செயலாகுமா?

அடுத்துக் குச்சிக்கிழங்கு. மாவு எடுத்தபின் நிற்கும் திப்பி கால்நடைத் தீனியாக விலைபோகின்றது. ஆனால் கிழங்கு கழுவிய புளித்த நீர் ஓடையில் விடப்படின் நாற்றம் எழும். அண்டை வீட்டார் கிணறு கெடும். கிணறு கெட்டவனது நட்டம் சவ்வரிசி விலையில் ஏறுவதில்லை. அதே நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்து, எந்திரம் ஓட்டும் ஆலைகளும் நம் பக்கத்தில் உண்டு. திறந்துவிட்டால் பகையாகும் நீரே, மூடிவைத்தால் விறகாகின்றது.

இனிக் கரும்பு. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிறுவப்பெற்றமை நாம் அறிவோம். 100 பங்கு கரும்பில் ஏறத்தாழ 30 பங்கு சக்கை. அது கொதிகலனுக்கு எரிபொருள். மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு சாராய வடிப்புக்கும், ஆலை மண் வயலுக்கு எருவாகவும் செல்லும். வீண் என்று ஒன்றும் இல்லை என மகிழ்வோம். ஆயினும் பிறப்பையும் எண்ணுவோமாக. கரும்பு முற்ற 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். நம் மாவட்டத்து ஆண்டு மழையோ 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. குறையை ஈடுசெய்வது ஆழ்துளைக் கிணறு. அதாவது, நம் பேரப்பிள்ளைகளின் நீர். ஆகவே கடையைச் செம்மை செய்தமையால் முதல் செம்மையாயிற்று என்று கொள்ளலாகாது. சொட்டுநீரும், சோகையை எரியாது நிலத்திற் பரப்புதலும் இக்குறையை ஓரளவு தணிக்கும்; முற்றும் நீக்கா.

இத்தகைய சுழற்சியை ஒரு குடும்பம் தனித்துச் செய்தல் அரிது. டென்மார்க்கு நாட்டுக் கலுண்ட்போர் என்னும் சிறு நகரில், மின்னிலையத்தின் ஆவி அண்டை ஆலைகளுக்குச் சென்றது. அதன் புகையைத் தூய்மை செய்கையிற் கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. அரசர் ஆணையால் அன்று, அயலார் ஒருவரோடொருவர் பேசியமையால் அது 1970-களில் தொடங்கிப் பெருகிற்று. பேசுவதற்கென்றே கூடிய நம் சங்கம் அதனைச் செய்யலாகாதா?

இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒவ்வோர் ஊர்க் கிளையும், தன் ஊரில் விளைவது, வெளியேறுவது, எறியப்படுவது, விலைக்கு வாங்கப்படுவது ஆகிய நான்கையும் ஓராண்டு எழுதிவைக்க. எறிவதும் வாங்குவதும் எங்கே பொருந்துகின்றன என்பது அப்போது தானே விளங்கும். நம் கல்வி நிதியில் ஒரு பகுதியை நூற்பு, எருவாக்கல், எரிவாயு முதலிய தொழில் கற்கும் ஆண் பெண் இருபாலார்க்கும் ஒதுக்குக.

இறுதியாக ஒன்று. எருவுக்கும் நீருக்கும் குலம் இல்லை. நம் திப்பியை வாங்குவோரும், நம் ஓடை நீரைக் குடிப்போரும் பிற குலத்தாராக இருப்பர். அவரை அழையாது நாம் மட்டும் வரையும் வட்டம், வட்டமாகாது. பாதியில் அறுந்த கோடாகும். ஆதலின் ஊர்க் கணக்கு எழுதும் நாளில் ஊரார் அனைவரையும் அழைத்தல் நம் கடன் எனக் கூறி அமைகின்றோம்.